யாழ்ப்பாணத்தில் இறந்த கேப்டனுக்கு எங்கள் ஊரில் நினைவுக்கல்: என்ன எழுதுவது?

உசிலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். பட்டாளத்துக்குப் போனவர்கள் வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லலாம். ஆனால் அதிகாரியாகப் போனவர் ஒரே ஒருவர்தான். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவ இன்ஜினியர் பிரிவின் ஆட்களோடு வேலை பார்த்த இன்ஜினியர் கேப்டன். இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய், 1987 கடைசியில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் கண்ணிவெடியில் இறந்துபோனார். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் முறையாகக் கேட்காமல் பெயரைப் பொதுவில் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால் கேப்டன் என்றே எழுதுகிறேன்.

நான் அவருக்கு உறவில்லை. அவருடைய அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர். போன மாதம் வீட்டுக்கு ஓடு மாற்றும்போது அதைக் கீழே இறக்கினோம். தோளில் குத்தும் மூன்று நட்சத்திரங்கள் ஒரு தீப்பெட்டிக்குள் இருந்தன. பாதி எழுதிய கடிதம் ஒன்றும் இருந்தது. "கிணத்து மோட்டாரை மறுபடி வைண்டிங் பண்ண வேண்டாம், புதுசாவே வாங்கிருங்க, அடுத்த மாசம் பணம் அனுப்புறேன்" என்ற இடத்தில் நிற்கிறது. ஊர்ப் பெரியவர்கள் அதைப் பார்த்த பிறகுதான், இவ்வளவு காலம் இந்த மனிதருக்கு ஊரில் ஒரு அடையாளம்கூட வைக்கவில்லையே என்ற பேச்சு வந்தது.

ஊர்க்கூட்டத்தில் மூன்று யோசனைகள். ரோட்டில் வளைவு, மார்பளவு சிலை, பள்ளிக்கூடத்தில் கல்வெட்டு. அதுகூடப் பேசித் தீர்த்துவிடலாம். சிக்கல் வாசகத்தில்தான். "நாட்டின் எல்லையைக் காக்கும் போரில் வீரமரணம் அடைந்தார்" என்று போட்டால் போதும், யாழ்ப்பாணம் என்று எழுதினால் தேவையில்லாத பிரச்சினை வரும் என்கிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை. எல்லையில் சாகவில்லையே அவர்! இறந்த இடத்தையே மாற்றி எழுதினால் அந்தக் கல் யாருக்கு? உங்கள் கருத்து வேண்டும். அனுபவப்பட்டவர்கள் நடைமுறையையும் சொல்லுங்கள்.

பேரையூரான்

நல்ல முயற்சி அண்ணே. ஆனால் கூட்டத்தில் அப்படிச் சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நம்ம பக்கம் சிலை என்றாலே கம்பிக்கூண்டு, போலீஸ் காவல் என்று ஆகிப்போன ஊர். ஒரு கல்லை நட்டுவிட்டு அதற்கு ஆள் காவல் போட வேண்டி வந்தால் அது அவருக்கு மரியாதையா? அமைதிப்படை என்று எழுதினால் ஒரு கட்சி வரும். எழுதாவிட்டால் இன்னொரு கட்சி வரும். பேரும் ரேங்கும் தேதியும் போதும் என்பது என் எண்ணம். இடமே வேண்டாம்.

சுபேதார் ஐயா

தம்பி உசிலைக்காரன், முதலில் உங்களுக்கு ஒரு சல்யூட். நான் 1987இல் அந்தத் தீவில் இருந்தவன். வேறு ரெஜிமென்ட். உங்கள் கேப்டனை எனக்குத் தெரியாது. ஆனால் சாப்பர் ஆபீசர் என்றால் என்ன வேலை என்று தெரியும். எங்கள் வண்டி போகும் முன்னால் ரோட்டில் நடந்து போனவர்கள் அவர்கள்தான். தார் ரோட்டைக் கீழிருந்து குடைந்து வெடி வைத்திருப்பார்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டிடெக்டர் ஒவ்வொரு ஆணிக்கும் கத்தும். அப்படி ஒரு மைல் போக அரை நாள் ஆகும். பின்னால் நிற்கிற நாங்கள் அவசரப்படுவோம். அவர்கள் அவசரப்பட முடியாது.

இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். போராளிகளிடம் ஆயுதத்தை வாங்கி, சண்டை நிறுத்தத்தைக் காப்பது என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார்கள். போன புதிதில் மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அக்டோபர் இரண்டாவது வாரத்தில், விடுதலைப் புலிகளிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிக்க ஆபரேஷன் பவன் தொடங்கியது. அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். 11ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிய 13ஆவது சீக்கிய லைட் இன்ஃபென்ட்ரி பட்டாலியனின் ஒரு பிளாட்டூனில் 29 பேர் அங்கேயே போனார்கள், ஒருவர் மட்டும் பிடிபட்டார். கடைசிப் படை 1990 மார்ச்சில் திரும்பியபோது மொத்தம் ஏறத்தாழ 1,200 பேர் இல்லை.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அவர் சொன்ன காரணத்தை ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. கப்பலில் இருந்தவனுக்கு அரசியல் என்ன தெரியும்? அனுப்பிய இடத்துக்குப் போனான், கூப்பிட்டபோது திரும்பினான். ஊருக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்தால் "சொந்த சனத்தையே சுட்டுட்டு வந்தியா" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லாமலே எத்தனையோ பேர் வாழ்ந்து முடித்துவிட்டோம். பேரையூரான் தம்பி, இடம் வேண்டாம் என்று நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த இடம் எங்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை மறுக்கப்பட்டது.

திருநகர் டீச்சர்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நான் வரலாறு எடுக்கிறவள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கார்கில் என்று சொன்னால் உடனே கை தூக்குவார்கள். டோலோலிங், டைகர் ஹில் என்று மலைப் பெயர்கூடச் சொல்வார்கள். திருச்சியில் மேஜர் சரவணனுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் பிறந்தவர், பீகார் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன், 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் இறந்தார், வீர் சக்ரா. அவர் பெயரோடு படாலிக் என்ற பெயரும் சேர்ந்தே வருகிறது. அந்த உடலைக் கீழே கொண்டுவரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது என்று சொன்னால் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். இடம் தெரிந்தால்தான் பிள்ளைகளுக்கு மனிதர் கண்ணில் தெரிகிறார். "எல்லையில்" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் ஒட்டாது.

இன்னொன்று. பரமவீர் சக்ரா வாங்கிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர் எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. தமிழ்க் குடும்பம், பம்பாயில் பிறந்தவர். மஹார் ரெஜிமென்ட் எட்டாம் பட்டாலியன். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில், தேடுதல் முடித்துத் திரும்பும்போது புலிகள் பதுங்கித் தாக்கினார்கள். நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் சுட்டவரின் துப்பாக்கியைப் பிடுங்கித் திருப்பிச் சுட்டவர் அவர். அமைதிப்படையில் பரமவீர் சக்ரா அவர் ஒருவருக்குத்தான். சென்னை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் கேடட்டுகள் அணிவகுக்கும் மைதானத்துக்கு அவர் பெயர். அந்தச் சுவருக்கு வெளியே, நம் தமிழ்நாட்டில், அவர் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்?

கல்லெழுத்து

தொல்லியல் ஆர்வலன். உசிலைக்காரனுக்கு உங்கள் மண்ணிலிருந்தே ஒரு செய்தி. உங்கள் ஊருக்குப் பக்கத்து மாவட்டம்தானே தேனி. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. வைகைக் கரை ஊர். நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்கள் அவை. அதில் ஒன்றின் வாசகம்: "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்." கூடல் ஊர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், இறந்த தீயன் அந்தவனின் கல். அவ்வளவுதான். மாவீரன் இல்லை, சிங்கம் இல்லை. யார், எந்த ஊர்ச் சண்டை, என்ன சண்டை.

கவனியுங்கள், அது மாடு பிடிக்கப் போன சண்டை. யார் பக்கம் நியாயம் என்று கல் பேசவில்லை. சண்டையை மறைக்கவும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக அந்த மனிதர் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறார் என்றால், ஊரையும் சண்டையையும் விடாமல் எழுதியதால்தான். பிற்கால நடுகற்களும் அரசன் ஆண்டு, ஊர், எதற்காகப் பட்டான், யார் கல் நட்டது என்று வரிசையாகச் சொல்லும். உங்கள் கேப்டனுக்கு நீங்கள் நினைக்கிற வாசகம்தான் நம் பழைய முறை.

கருமாத்தூர் பாண்டி

எங்க ஊர்ல பட்டவன் கல்லுக்கு வருசா வருசம் பொங்கல் வைப்போம். சண்டையில பட்டவனைச் சாமியாக்கிக் கும்பிடுறதுதான் நம்ம வழக்கம். கேப்டன் கல்லையும் அப்படி ஒரு கோயில் பக்கத்துல வச்சா யாரும் கைவைக்க மாட்டான். பாதுகாப்புக்கும் ஆச்சு, மரியாதைக்கும் ஆச்சு.

திருநகர் டீச்சர்

பாண்டி அண்ணே, வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் கோயில் என்றால் அது யார் கோயில், யார் உள்ளே வரலாம், யாருக்கு முதல் மரியாதை என்ற கேள்வி வரும். அவர் தலைமையில் இருந்தவர்கள் எந்தெந்தச் சாதியோ. அவரும் அதைப் பார்த்து வேலை வாங்கியிருக்க மாட்டார். பள்ளிக்கூடம்தான் சரி.

உசிலைக்காரன்

டீச்சர் சரியான இடத்தில் தொட்டுவிட்டார். முதல் பதிவில் எழுதக் கூச்சப்பட்டு விட்டதை இப்போது சொல்கிறேன். ஒரு சங்கத்தார் வந்து, செலவு முழுவதும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கல்லின் மேலே எங்கள் கொடி நிறம் வரட்டும், பெயருக்குப் பின்னால் பட்டம் சேருங்கள் என்றார்கள். பெரிய தொகை. கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். டிரங்குப் பெட்டி மூடியைக் காட்டி, "அதுல என்ன எழுதியிருக்கோ அதை எழுதுங்கப்பா. என் தம்பி அவன் பேருக்குப் பின்னால வேறெதையும் போட்டதில்ல" என்று முடித்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. இப்போது வீட்டுக்கு நூறு, இருநூறு என்று வசூல். மெதுவாகத்தான் சேர்கிறது, பரவாயில்லை.

சுபேதார் ஐயா

அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நடைமுறை கேட்டீர்கள். ரோட்டில் வளைவு, சிலை இரண்டையும் மறந்துவிடுங்கள். பொதுச்சாலை, நடைபாதை போன்ற இடங்களில் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அரசுப் பள்ளி வளாகம் என்றால் கல்வித்துறையின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அதற்கு முன்னால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்திலேயே வாசகத்தை முழுமையாகச் சேருங்கள். பின்னால் ஒருவர் வந்து ஒரு சொல்லை மாற்று என்றால் காட்டுவதற்குக் கையில் காகிதம் இருக்கும்.

விவரத்தைச் சரிபார்க்க: ஜவான், ஜேசிஓ (என்னைப் போன்ற சுபேதார்கள்) என்றால் அவரவர் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸில் கேட்கலாம். அதிகாரிகளின் ரெக்கார்டு டெல்லியில் ராணுவத் தலைமையகத்தில் இருக்கும். நேராக எழுதி அலைவதைவிட மதுரை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போங்கள். அக்கா கையெழுத்தோடு மனு, பெட்டியில் இருக்கும் நம்பர், இறப்பை அறிவித்த தந்தியோ கடிதமோ இருந்தால் நகல். டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில், தியாகச் சக்கரச் சுவர்களில், சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர் கிரானைட்டில் இருக்கிறது. ஆபரேஷன் பவனில் இறந்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் இணையதளத்தில் தேடலாம். அதில் உள்ள எழுத்துக்கூட்டலும் தேதியும் உங்கள் கல்லோடு பொருந்த வேண்டும்.

விருது இல்லையே என்று யாராவது இழுத்தால் கேட்காதீர்கள். விருதுக்குச் சாட்சி வேண்டும், எழுத ஒரு மேலதிகாரி வேண்டும். கண்ணிவெடியில் மொத்தப் பார்ட்டியும் போனால் யார் எழுதுவது?

பேரையூரான்

ஐயா, ஒரு சந்தேகம். உடலை ஊருக்குக் கொண்டுவரவில்லையா? எங்கள் ஊர்ப் பக்கம் அப்போது மிலிட்டரி வண்டியில் எந்த உடலும் வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சுபேதார் ஐயா

அப்போதெல்லாம் பெரும்பாலும் சண்டை நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தகனம்தான். கொடி போர்த்திய பெட்டி சொந்த ஊர் வரைக்கும் வருவது கார்கிலில்தான் பரவலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சண்டைகளில் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்தது தந்தியும் பெட்டியும்தான். ஒரு தாய் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் எப்படி நம்புவாள், சொல்லுங்கள். எங்கள் யூனிட் பையன் ஒருவனின் அம்மா, அவன் வழி தப்பி எங்கேயோ இருக்கிறான் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் ஒரு கல் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான். கார்கில் குடும்பங்களுக்கு ஒரு சமாதியாவது, எரித்த இடமாவது இருக்கிறது. உங்கள் கேப்டன் வீட்டுக்கு அதுவும் இல்லை.

உச்சப்பட்டி 90

இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணம். 1990இல் மன்னாரால் படகில் வந்து மண்டபம் முகாம், பிறகு திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி முகாம். இப்போது பிள்ளைகளும் இங்கேயே.

1987 ஒக்டோபரில் எனக்குப் பதினொரு வயது. ஷெல்லுக்குப் பயந்து நல்லூர்க் கோயிலில் சனத்தோடு சனமாக இருந்தோம். தீபாவளி அன்று இந்தியன் ஆமி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் டொக்டர்மார், தாதிமார், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேல் செத்தார்கள். அதில் எங்கட சொந்தக்காரர் ஒருவரும். அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. சுபேதார் ஐயா வாசித்துக் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

இப்போது கல்லைப் பற்றி. எல்லையில் இறந்தார் என்று எழுதினால், அந்த வருடம் எங்கட ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். உங்கட கேப்டன் அங்கே செத்தார் என்பதும் பொய்யாகும், நாங்கள் அங்கே செத்தோம் என்பதும் பொய்யாகும். யாழ்ப்பாணம் என்று எழுதுங்கள். எங்கள் ஆட்கள் யாரும் அதற்காகச் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நான் பொறுப்பேற்க முடியாது. ஆனால் என்னளவில் எதிர்ப்பு இல்லை. திறப்பு விழாவுக்குக் கூப்பிட வேண்டாம், நான் வரமாட்டேன். அந்த அக்காவுக்கு என் அனுதாபங்கள். தம்பியைப் பறிகொடுத்தவர் தம்பியைப் பறிகொடுத்தவர்தான்.

சுபேதார் ஐயா

கோபம் இல்லை தம்பி. நான் ஆஸ்பத்திரியில் இல்லை. ஆனால் அதே யூனிஃபார்ம்தான் போட்டிருந்தேன், அதனால் வேறென்ன சொன்னாலும் சரியாக இருக்காது. எழுதியதற்கு நன்றி.

பேரையூரான்

உச்சப்பட்டி அண்ணே எழுதிய பிறகு, இடம் வேண்டாம் என்று நான் இனிமேல் வாதாடப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வி. அமைதிப்படை என்று போடுவதா, இந்திய ராணுவம் என்று போடுவதா? அமைதி என்ற சொல்லே சிலருக்கு உறுத்தும்.

கல்லெழுத்து

ரெஜிமென்ட் பெயர் இருந்தாலே இந்திய ராணுவம் என்பது வந்துவிடும். இந்திய அமைதிகாக்கும் படை என்பது அரசு அந்தப் படைக்கு வைத்த பெயர். ஆவணத்தில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். பாராட்டும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ஊர்ப் பிள்ளைகள் கேட்டால் டீச்சர்கள் சொல்லட்டும், பெரியவர்கள் சொல்லட்டும்.

கல் பற்றி: மேலூர்ப் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் வெளிர் நிறக் கல். எழுத்து வெட்டினால் தூரத்திலிருந்து தெரியாது. அடர்ந்த கருங்கல் வாங்கி, மெருகு போட்ட முகத்தில் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்தால் சில வருடத்தில் உரிந்துவிடும். வெட்டு ஆழமாக இருந்தால் பெயின்ட் போனாலும் விரலால் தடவிப் படிக்கலாம். நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறையை முடிந்தால் ஒருமுறை பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள். அதிகாரியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுக் கல். நம்பர், ரேங்க், பெயர், பிரிவு, தேதி, வயது. அந்த வரிசை நன்றாக இருக்கும்.

கருமாத்தூர் பாண்டி

அதிகாரி சிப்பாய் ஒரே கல்லுன்னு சொன்னது நல்லாருக்கு. உசிலைக்காரன் அண்ணே, உங்க கேப்டன் கூட அந்த வெடியில போனவங்க பேரு தெரியுமா? நம்ம மாவட்டத்து ஆளு யாராவது இருந்தா அவங்க பேரையும் சேர்க்கலாமே.

உசிலைக்காரன்

பாண்டி அண்ணே, நல்ல கேள்வி. முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவில் அதையும் சேர்த்துக் கேட்கிறேன். எந்த மாவட்டத்து ஆளாக இருந்தால் என்ன, கூடப் போனவர்கள் பெயர் கிடைத்தால் கீழே வர வேண்டும் என்று பெரியம்மாவும் சொல்கிறார். அதற்குக் கல்லில் இடம் விட்டு வைக்கிறோம். உச்சப்பட்டி அண்ணே, உங்கள் பதிவைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். ஆஸ்பத்திரி விஷயத்தை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். விழாவுக்கு வராவிட்டால் போகிறது, இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொன்னார்.

வாசகம் இப்படி வைத்திருக்கிறேன். வீட்டில் சம்மதம் வாங்கியாகிவிட்டது. நம்பர், பெயர், தேதி மூன்றும் ரெக்கார்டு வந்த பிறகு நிரப்புவோம்:

நம்பர்
கேப்டன், பெயர்
இன்ஜினியர்ஸ் படைப்பிரிவு, மதராஸ் சாப்பர்ஸ்
இந்திய அமைதிகாக்கும் படையில் பணியாற்றி
யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடியில் இறந்தார்
தேதி, வயது
இப்பள்ளியில் படித்தவர்
ஊரார் நட்ட கல்

"வீரமரணம்" என்று வர வேண்டும் என்று கூட்டத்தில் இன்னும் சிலர் கேட்கிறார்கள். பெரியம்மாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மற்றபடி எழுத்து அளவு, வரி பிரிப்பு பற்றி யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கிராம சபைக்கு முன்னால் கல் வெட்டுகிறவரிடம் அளவு கொடுக்க வேண்டும்.

கல்லெழுத்து

"இப்பள்ளியில் படித்தவர்" என்பதைப் பெயருக்கு அடுத்த வரியாக மேலே கொண்டு வாருங்கள். நிற்கப்போவது பள்ளிக்கூடத்தில், படிக்கப்போவது பிள்ளைகள். பெயர் மூன்று அங்குலம், மற்ற வரிகள் ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். அடிப்பகுதியை மண்ணிலிருந்து இரண்டடி உயர்த்தி வையுங்கள், மழைச் சேறு தெறிக்காது. யாழ்ப்பாணம் என்ற சொல் வரி முடிவில் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுபேதார் ஐயா

வயதை எழுத்தில் எழுதாமல் எண்ணில் போடுங்கள் தம்பி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். மதுரை அலுவலகத்துக்குப் போகும் நாளைச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.